கேள்வி – பதில்: வாவிக்கரைப் பறவைத் திட்டும் சங்கத் தலைவரும்

மட்டக்களப்பு நகரத்துக்குள் வாவியோரம் கொக்கும் நாரையும் தங்கும் ஒரு கண்டல் திட்டைப் பராமரிக்க சங்கம் தொடங்குகிறோம். என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். முதல் வேலை எது?
– ஊறணி வாசகர்

அந்தத் திட்டு யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதைக் கண்டறிவதுதான். ஒரே கரையில் வன இலாகாவின் கண்டலும், பிரதேச செயலகத்தின் அரச காணியும், கரையோரம் பேணல் திணைக்களத்தின் எல்லையும், யாரோ ஒருவரின் உத்தரவுப்பத்திரக் காணியும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். கிராம உத்தியோகத்தரிடம் தொடங்கி, பிரதேச செயலகத்தில் நில அளவைப் படத்தைப் பாருங்கள். ஒரு பிரதேசத்துக்குள் மட்டும் இயங்கும் சங்கமென்றால் அங்கேயே பதிவும் செய்துகொள்ளலாம்.

பிறகு, பொறுப்பான திணைக்களத்துடன் எழுத்தில் ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை. குப்பையை அள்ளுவது நீங்கள், ஏற்றிப் போவது மாநகர சபை என்றால் எந்தக் கிழமை, எந்த இடத்தில் என்றுகூட எழுதுங்கள். இதை வாய்ச்சொல்லில் விட்டால் கட்டிய மூட்டைகள் கரையிலேயே கிடக்கும். நாய் கிழித்து, மழையோடு எல்லாம் மறுபடி வாவிக்குள் போகும். அதிகாரி மாறினால் வாய்ச்சொல்லும் அவரோடு இடமாற்றம் பெற்றுவிடும்.

இன்னொன்று: சங்கத்துக்குக் காவல் அதிகாரம் கிடையாது. வலையைப் பறிப்பதும் ஆளை மறிப்பதும் உங்கள் வேலையல்ல. இடம், நேரம், படம் எடுத்துத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அந்தக் கரையில் தோணி கட்டும் மீனவர் சங்கத்திலிருந்து இரண்டு பேரை நிர்வாகக் குழுவில் முதல் நாளே சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களை விட்டுவிட்டு ஒட்டப்படும் அறிவித்தல் பலகை அதிக நாள் நிற்பதில்லை.

ஒரு நிறுவனம் ஜூன் 5ஆம் திகதி சுற்றாடல் தினத்தில் ஆயிரம் கண்டல் கன்று நடப் பணம் தருவதாகச் சொல்கிறது. ஏற்கலாமா?
– கல்லடி வாசகி

பணத்தை ஏற்கலாம். திகதியையும் ஆயிரத்தையும் ஏற்க வேண்டாம்.

சுனாமிக்குப் பின் இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களைப் பார்த்த ஆய்வொன்று 2017இல் வெளிவந்தது. 9 இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரையான பரப்பில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே. இடம் தவறு, இனம் தவறு, நட்ட பிறகு ஆளில்லை, மாடு மேய்ந்தது என்று காரணங்கள் எல்லாம் பழகினவைதான்.

நமது வாவிக்கு இதைவிடத் தனிச் சிக்கல் உண்டு. இங்கே வற்றுப்பெருக்கு மிகச் சிறியது. நீர்மட்டத்தைத் தீர்மானிப்பவை மாரி மழையும் முகத்துவாரமும். மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டிக் கடலுக்கு வழிவிடும்வரை வெள்ளம் நாட்கணக்கில் நிற்கும். தாழ்ந்த இடத்தில் நட்ட இளங்கன்று முழுகி அழுகிவிடும். ஜூனில் நட்டாலோ கச்சான் எனும் வறண்ட வெப்பக் காற்று. கரைச் சேறு வெடித்து, உப்புப் பூத்து, மேட்டில் நட்டது கருகும். ஜூலை 26 கண்டல் தினமும் அதே கச்சானுக்குள்தான் வருகிறது. மாரி வெள்ளம் இறங்கத் தொடங்கும்போது நடுவதே நல்லது.

எங்கே நடுவது என்பதற்குத் தானாக முளைத்த கன்றுகளைப் பாருங்கள். அவை நிற்கும் மட்டத்தில், நிற்கும் இனத்தையே நடுங்கள். கண்டலின் நீண்ட முளைக்காயை மரத்திலிருந்து பிடுங்காமல், முற்றி விழுந்ததாகப் பொறுக்கி, நுனியில் பூச்சித் துளை இல்லாததைத் தெரிந்து, மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள் போகச் செங்குத்தாக ஊன்றுங்கள். ஒன்றுக்கொன்று ஒரு மீற்றர் இடைவெளி போதும். எதுவும் முளைக்காத வெறும் சேற்றுத் திடலில் கைவைக்காதீர்கள். வலசை வரும் உள்ளான் பறவைகளுக்கு அதுதான் சாப்பாட்டுத் தட்டு.

பல இடங்களில் நடவே தேவையில்லை. கட்டிட இடிபாடு கொட்டி அடைபட்ட ஓடையைத் திறந்துவிட்டால் விதை தானாக வரும். நிறுவனத்திடம் கன்றுக் கணக்கில் பணம் கேட்காமல் வேலி, ஒரு காவலாள், ஆறு மாதத்துக்கொருமுறை உயிரோடிருப்பவற்றை எண்ணுதல் என மூன்று வருடச் செலவாகக் கேளுங்கள். படம் பிடிக்க அவர்களுக்கும் மூன்று தடவை கிடைக்கும்.

தில்லை மரத்தை வெட்டிச் சுத்தம் செய்யத் தொண்டர்களை விடாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், பார்வையையும் தற்காலிகமாகப் பறிக்கும்.

தங்கூசியில் (நைலோன் தூண்டில் நூலில்) சிக்கிய பறவைகளைப் பிள்ளைகள் எங்களிடம் கொண்டுவருகிறார்கள். என்ன செய்யலாம்?
– நாவற்குடா வாசகர்

முதலில் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அழைப்பு. அவர்கள் வரும்வரை ஒரு துவாயைத் தலைக்கு மேல் போட்டால் பறவை அடங்கும். கொக்கும் நாரையும் கண்ணைத்தான் குத்தும். கண்ணாடி போடாமல் குனியாதீர்கள். நீர்க்காகத்துக்கும் கூழைக்கடாவுக்கும் வெளிப்பக்க மூக்குத் துளை இல்லாத குறை. அலகை இறுக்கிக் கட்டினால் மூச்சு முட்டும். ஒரு விரல் இடைவெளி விட்டே பிடிக்க வேண்டும்.

தங்கூசியை இழுக்காமல் துண்டு துண்டாக வெட்டுங்கள். தோலில் குத்திய தூண்டிலை வந்த வழியே இழுத்தால் கொக்கி சதையைக் கிழிக்கும். முன்னே தள்ளி, கொக்கி முனையைக் குறட்டால் நறுக்கி, பிறகு பின்னால் எடுக்க வேண்டும். விழுங்கியிருந்தால் தொடாதீர்கள். வாய்க்கு வெளியே ஒரு சாண் தங்கூசியை விட்டுவைத்து மிருக வைத்தியரிடம் கொடுங்கள். தண்ணீரோ மீனோ ஊட்ட வேண்டாம். நூல் இறுகிய கால் பிறகுதான் வீங்கும், ஆகவே வெட்டியவுடன் பறக்கவிடுவது தவறு. வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டவிரோதம். 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பெரும்பாலான பறவைகளுக்குப் பாதுகாப்புத் தருகிறது.

வேலி அடிக்க வந்த நன்கொடையில் தலைவர் விழாச் செலவு பார்த்துவிட்டார், பிறகு போடுவாராம். இது சரியா?
– கல்முனை வாசகர்

சரியில்லை. கொடுத்தவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஒன்றுக்கென ஒதுக்கிய பணத்தை வேறு செலவுக்குத் திருப்ப முடியாது, ஒரு நாளுக்கும்கூட. காசோலைக்கு இரண்டு கையெழுத்து, அந்த இருவரும் ஒரே குடும்பத்தவராக இருக்கக் கூடாது, ஒவ்வொரு கூட்டத்திலும் வங்கிக் கூற்று மேசைக்கு வர வேண்டும். இவற்றைச் சங்கத்தின் யாப்பில் (விதிக்கோவையில்) எழுதியிருந்தால் அடுத்த கூட்டத்திலேயே கேளுங்கள். எழுதவில்லையென்றால் பொதுச்சபையைக் கூட்டி யாப்பைத் திருத்துங்கள். அதற்குமுன் அந்த வேலிப் பணம் கணக்கில் திரும்ப விழட்டும்.