இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் டியூப் எத்தனை நாள் இருக்கும்? எடுக்கும்போது வலிக்குமா?

அம்மாவுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன் என்று எழுதியிருக்கிறீர்கள். எடுப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது தம்பி. டியூப் நழுவாமலிருக்க உள்ளே ஒரு சின்ன பலூனில் தண்ணீர் ஏற்றியிருப்பார்கள். அதை சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டு உருவிவிடுவார்கள். முதல் ஒன்றிரண்டு தடவை போகும்போது கடுக்கும், அவ்வளவுதான். எடுத்த பிறகு யார் கவனிக்கிறார்கள் என்பதில்தான் எனக்கு ஆத்திரம்.

எனக்குக் கல்லிடைக்குறிச்சி. ஐப்பசி மழையில் புறவாசலில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து உடைந்தது. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பாதி மூட்டு மாற்றினார்கள். டாக்டர் கைராசிக்காரர், மறுநாளே வாக்கர் பிடித்து நடக்க வைத்துவிட்டார். டியூபைத்தான் யாரும் நினைக்கவில்லை. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வதால் நீர் முட்டுவது தெரியாது, அதற்காக வைப்பது. பொதுவாக ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள். எனக்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தது, டூட்டி மாறியது. மகள் நர்ஸுகளிடம் கேட்டதற்கு, "இருக்கட்டும், ஆச்சி எந்திரிக்க வேண்டாம்லா" என்றார்கள். டியூப் உள்ளே கிடக்கிற ஒவ்வொரு நாளும் கிருமி ஏற வழி. கடைசியில் குளிர்காய்ச்சல் வந்தது. கிருமி ரத்தத்தில் கலந்தால் புது மூட்டையும் பிடிக்கலாம் என்று ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள்.

பெரிய பாடு அதற்கப்புறம். காலையில் டியூபை எடுத்தார்கள், சாயங்காலம் ஆகியும் ஒரு சொட்டு வரவில்லை. வலி ஊசி, மலச்சிக்கல், படுக்கை எல்லாம் சேர்ந்தால் நீர்ப்பை சரியாகச் சுருங்காது. மருமகள் தொட்டுப் பார்த்து, "அத்தை, அடிவயிறு கல்லா இருக்கு" என்று ஓடினாள். "தண்ணி குடிக்கச் சொல்லுங்க, தானா வரும்" என்று பதில் வந்தது. முட்டி நிற்கிற வயிற்றுக்கு இன்னும் தண்ணீரா? அவள் விடவில்லை, டூட்டி டாக்டரைக் கூட்டிக்கொண்டுதான் வந்தாள். ஸ்கேனில் 800 மில்லி காட்டியது. சாதாரணமாக 400, 500 மில்லியிலேயே நமக்கு முட்டும். மறுபடி டியூப் விட்டு வடித்து உடனே எடுத்தார்கள். அப்புறம் படுக்கையிலேயே பெட்பேன் வைக்காமல் உயரமான கமோடு நாற்காலியில் உட்கார வைத்ததும் தானாகப் போனது.

நர்ஸுகள் மேல் பழி போடுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ராத்திரியில் வார்டு முழுக்க ஒரே பிள்ளை ஓடுவதை நானும் பார்த்தேன். பொம்பளை இதையெல்லாம் எழுதலாமா என்பவர்களுக்கும் பதில் உண்டு: வெட்கப்பட்டுத்தான் எங்கள் தலைமுறை நோயை வளர்த்தது.

உங்கள் அம்மாவும் மகனிடம் சொல்லக் கூச்சப்படுவார், தண்ணீரைக் குறைத்துக்கொள்வார். கூட ஒரு பெண் இருக்கட்டும். ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது டியூபில் மாட்டிய சிறுநீர்ப் பையைத் தூக்கி வயிற்றின்மேல் வைப்பார்கள், விடாதீர்கள், சிறுநீர் உள்ளே திரும்பிவிடும். பை எப்போதும் நீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையிலும் படக்கூடாது. டியூப் எப்போது எடுப்பீர்கள் என்று தினமும் கேளுங்கள். எடுத்து ஆறு மணி நேரத்தில் போகவில்லை என்றால், அதற்கு முன்பே வயிறு உப்பினாலும், உடனே சொல்லுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த மூட்டோடு குத்தவைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களுக்கு வாடகை லட்சத்தில், ஆனால் வெஸ்டர்ன் டாய்லெட் ஒன்றே ஒன்று, அதுவும் மாப்பிள்ளை அறைக்குள் பூட்டிக் கிடக்கும். அக்கா பேத்தி கல்யாணத்துக்குக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் போய், முகூர்த்தம் முடிந்ததும் வீட்டுக்கு ஓடி வந்தேன். மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டுக்கு இருக்க முடியவில்லை. மண்டபக்காரர்கள் யாராவது படித்தால், பெண்கள் பக்கம் ஒன்றாவது போடுங்கள், பக்கச் சுவரில் ஒரு கைப்பிடியும் வையுங்கள்.