டிஎஸ்எல் லைனில் ஸ்டேட்டிக் ஐபி போட்டு வெப்சைட் ஹோஸ்ட் செய்வது எப்படி?

கேள்வி: டிஎஸ்எல் இணைப்புக்கு 5 ஸ்டேட்டிக் ஐபி கொண்ட ஒரு பிளாக் வாங்கியிருக்கிறேன். வீட்டு சர்வரில் இரண்டு வெப்சைட் ஓட்ட வேண்டும். ரவுட்டரில் 'ஸ்டேட்டிக் ஐபி' என்று மாற்றியதும் நெட்டே போய்விட்டது. எங்கே தப்பு?

பதில்:

முதலில் அதைப் பழையபடி பிபிபிஓஇ-க்கே (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து டயல் செய்யும் முறை) மாற்றுங்கள். நெட் போனது அதனால்தான். ரவுட்டரின் இன்டர்நெட் பக்கத்தில் இருக்கும் 'ஸ்டேட்டிக் ஐபி' என்ற தேர்வு, யூசர்நேம் பாஸ்வேர்டு கேட்காத இணைப்புகளுக்கானது. உங்கள் லைன் டயல் செய்து எழுகிற லைன். அதில் நிலையான எண் உங்கள் யூசர்நேமோடு நிறுவனத்தின் பக்கமே கட்டப்பட்டிருக்கும். டயல் ஆனதும் தானாக வந்து உட்காரும். நீங்கள் எதையும் டைப் செய்ய வேண்டாம். டிஎஸ்எல் லைனில் உங்கள் இணைப்பின் தடத்தைக் குறிக்கும் விபிஐ, விசிஐ எண்களையும் (பிஎஸ்என்எல் லைன் என்றால் 0, 35) தொடாதீர்கள்.

டயல் ஆனபின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் என்ன ஐபி வந்திருக்கிறது என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், நீங்கள் இன்னும் பலரோடு ஒரே ஐபியைப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். ஸ்டேட்டிக் ஐபி உங்கள் கணக்கில் ஏறவே இல்லை. ரவுட்டரில் தலைகீழாக நின்றாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. நிறுவனத்திடம்தான் சரிசெய்யச் சொல்ல வேண்டும்.

இரண்டு வெப்சைட்டுக்கு இரண்டு ஐபி தேவையில்லை. எந்தப் பெயரைக் கேட்டு வருகிறார்கள் என்று பார்த்து சர்வரில் ஓடும் அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் என்ற வெப்சர்வர் மென்பொருளே பிரித்துக் கொடுத்துவிடும். எச்டிடிபிஎஸ்-க்கும் எஸ்என்ஐ (எந்தத் தளம் வேண்டும் என்று பிரவுசர் முதலிலேயே பெயர் சொல்லும் வசதி) இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு எஸ்என்ஐ தெரியாது. தளத்துக்கு ஒரு ஐபி என்ற பழக்கம் அந்தக் காலத்து மிச்சம். ஆகவே டயல் செய்யும்போது வரும் ஐபி மாறாமல் இருந்தால், அந்த ஒன்றே போதும்.

சர்வருக்கு உள் ஐபியைக் கையால் கொடுங்கள்: 192.168.1.10, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1. ரவுட்டரின் டிஎச்சிபி பட்டியல் (கருவிகளுக்குத் தானாகக் கொடுக்கும் எண்கள்) 192.168.1.100-இல் தொடங்கட்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பட்டியலுக்குள் இருக்கும் ஓர் எண்ணை சர்வருக்குக் கொடுத்துவிடுவார்கள். சர்வர் அணைந்திருக்கும் நேரத்தில் அந்த எண் யாருடைய மொபைலுக்காவது போய்விடும். அப்புறம் சர்வர் எழுந்ததும் இரண்டும் மோதிக்கொள்ளும். தளம் ஒரு நிமிடம் வரும், ஒரு நிமிடம் வராது.

பிறகு போர்ட் ஃபார்வர்டிங்கில் (வெளியிலிருந்து வருவதை உள்ளே எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று ரவுட்டருக்குச் சொல்லும் இடம்) இரண்டே வரி: டிசிபி 80 வந்தால் 192.168.1.10-இன் 80-க்கு, டிசிபி 443 வந்தால் அதே எண்ணின் 443-க்கு. 'எச்டிடிபிஎஸ் மட்டும் போதுமே' என்று 80-ஐ மூடாதீர்கள். எச்டிடிபிஎஸ் சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட், வழக்கமான முறையில் சரிபார்க்க 80 வழியாகத்தான் வரும். மூடினால் சான்றிதழ் புதுப்பிக்கப்படாமல் ஒருநாள் காலாவதியாகி நிற்கும். 'டிஎம்இசட்' போட்டால் வேலை சுலபம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சர்வரின் எல்லாப் போர்ட்டும் தெருவுக்குத் திறந்துவிடும். ரவுட்டரின் ரிமோட் மேனேஜ்மென்ட்டும் 80-இல் உட்கார்ந்திருக்கலாம். அதை அணைத்துவிடுங்கள்.

இனி அந்த பிளாக். டயல் ஐபி மாறிக்கொண்டே இருந்து பிளாக் மட்டும்தான் நிலையானது என்றால், அல்லது தனித்தனி சர்வர்களே வேண்டும் என்றால், இந்த வழி. 5 ஐபி என்று விற்பது உண்மையில் 8 எண் கொண்ட /29. எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்களில் சொல்கிறேன்: 203.0.113.8 நெட்வொர்க் எண், 203.0.113.15 பிராட்காஸ்ட். இரண்டையும் எந்தக் கருவிக்கும் கொடுக்கக்கூடாது. 203.0.113.9-ஐ ரவுட்டரின் லேன் (வீட்டு நெட்வொர்க்) பக்கம், 'செகண்டரி ஐபி' அல்லது 'ஐபி ஏலியஸ்' என்ற இடத்தில், மாஸ்க் 255.255.255.248 என்று போடுங்கள். மீதி .10 முதல் .14 வரை சர்வர்களுக்கு, அவற்றின் கேட்வே .9, மாஸ்க் அதே 248. பழக்கதோஷத்தில் 255.255.255.0 என்று போட்டுவிட்டால், அந்த 203.0.113 வரிசையில் இருக்கும் வெளி ஆட்களையெல்லாம் பக்கத்து அறையில் இருப்பதாக சர்வர் நினைத்துக்கொள்ளும்; அவர்களுக்கு மட்டும் தளம் திறக்காது.

இந்த எண்களுக்கு நேட் (உள் எண்களை மறைத்து வெளி ஐபியாக மாற்றிக் காட்டும் வேலை) இருக்கக்கூடாது; 192.168 எண்களுக்கு மட்டும் இருக்க வேண்டும். மலிவான ரவுட்டர்களில் இப்படிப் பிரிக்க வழியே இருக்காது: நேட் மொத்தமாக உண்டு, அல்லது மொத்தமாக இல்லை. அப்படியானால் அதை பிரிட்ஜ் மோடில் (வெறும் மோடமாக) போட்டு, பின்னால் ஒரு மைக்ரோடிக் ரவுட்டரோ லினக்ஸ் பெட்டியோ வைத்து அதிலிருந்து டயல் செய்யுங்கள். நேட் போனதும் மறைப்பும் போய்விடும். 80, 443 தவிர மற்றதை ஃபயர்வாலில் மூடிவிட்டுத்தான் கேபிளைச் சொருக வேண்டும்.

சோதிக்கும்போது வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு டொமைனைத் திறக்காதீர்கள். பல ரவுட்டர்களுக்கு உள்ளிருந்து கிளம்பி வெளி ஐபி வழியாகத் திரும்ப உள்ளே வரத் தெரியாது. உங்கள் தளத்துக்குப் பதிலாக ரவுட்டரின் லாகின் பக்கம் வந்து நிற்கும், அல்லது ஒன்றுமே வராது. மொபைலில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பாருங்கள். வெளியே சரியாக வந்தால் அமைப்பு சரி. உள்ளே பார்க்க, உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் டொமைனை 192.168.1.10-க்குத் திருப்பினால் போதும்.

பிங் போகிறது, சின்னப் பக்கம் வருகிறது, பெரிய பக்கம் பாதியில் தொங்குகிறது என்றால் கோளாறு எம்டியூ-வில் (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு). பிபிபிஓஇ 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1500-க்குப் பதில் 1492-தான் மிஞ்சும். ரவுட்டரில் எம்எஸ்எஸ் அளவை (தலைப்புகள் போக ஒரு பாக்கெட்டில் போகும் டேட்டா) 1452 ஆக்குங்கள்.

கடைசியாக வேகம். ஏடிஎஸ்எல்2+ லைனில் டவுன்லோடு 24 எம்பிபிஎஸ் வரை போகலாம், ஆனால் உங்கள் தளத்தைப் பார்ப்பவருக்குப் போவது உங்கள் அப்லோடு. அது சாதாரணமாக 1 எம்பிபிஎஸ் அளவுதான். கணக்குப்படி வினாடிக்கு 125 கிலோபைட், டிஎஸ்எல் லைனில் டேட்டா ஏடிஎம் செல் என்ற 53 பைட் துண்டுகளாகப் போய், அதில் 5 பைட் தலைப்புக்கே போவதால் கையில் கிடைப்பது 100-ஐ ஒட்டி. 2 எம்பி பக்கம் ஒருவருக்குப் போகவே 20 வினாடி ஆகும். படங்களை மட்டுமாவது ஒரு சிடிஎன்-னில் (ஃபைல்களை வேகமான சர்வர்களில் வைத்துக் கொடுக்கும் சேவை) ஏற்றிவிட்டு, எச்டிஎம்எல்-ஐ வீட்டிலிருந்து கொடுங்கள்.