ஏழாவது ஃப்ரெட் மட்டும் ஏன் அணைகிறது?

(பேஸ் கிதார் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில். முப்பது வருஷம் மெல்லிசை மேடைகளில் பேஸ் வாசித்தேன். இப்போது வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு முன்னறையில் கிதார் பழுது பார்க்கிறேன்.)

கேள்வி: ஜி கம்பியில் ஏழாவது ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) மட்டும் "டங்" என்று கிளம்பி உடனே அணைந்துபோகிறது. மூன்றாவதும் பத்தாவதும் நன்றாக நின்று பேசுகின்றன. கம்பி மாற்றியும் பயனில்லை. பழுதான கிதாரை என் தலையில் கட்டிவிட்டார்களா? — வாசகர், குடியாத்தம்

பதில்: இல்லை தம்பி. லட்ச ரூபாய் கிதாரிலும் இந்த நோய் உண்டு. லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸின் அச்சில், 34 அங்குலக் கம்பி நீளமும் நாலு ஸ்க்ரூவில் பூட்டிய நெக்குமாக (கழுத்துக் கட்டை) வரும் கிதார்களில், ஜி கம்பியின் ஐந்து முதல் ஏழு ஃப்ரெட்டுக்குள் ஒரு சுரம் இப்படி மங்குவது வழக்கம். 'டெட் ஸ்பாட்' என்பார்கள்.

காரணம் பாடியில் இல்லை, நெக்கில். பாடி கனமானது, லேசில் அசையாது. நெக் நீளமாய், ஒல்லியாய், நுனியில் நாலு முறுக்காணியைச் சுமந்துகொண்டு நிற்கிறது. அதற்கென்று ஓர் ஆட்டம் இருக்கிறது. ஊஞ்சலை அதன் போக்குக்கு ஒத்துத் தள்ளினால்தானே மேலே ஏறும்? உங்கள் ஏழாவது ஃப்ரெட் சுரமான 'டி', நொடிக்கு ஏறக்குறைய 147 முறை அதிர்கிறது. நெக்கின் ஆட்டமும் அதுவும் ஒத்துப்போனால் கம்பியின் பலத்தை நெக் வாங்கிக்கொள்ளும். நெக் ஆடுவது பிக்கப்புக்கு (கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் காந்தக் கருவி) கேட்காது. அதற்குக் கம்பி ஆட வேண்டும். கையில் அதிர்வு தெரியும், ஸ்பீக்கரில் ஒன்றும் இருக்காது.

சோதித்துப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரில் செருகாமல், ஹெட்ஸ்டாக்கை (நெக்கின் நுனித் தலையை) மர பீரோவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு அதே சுரத்தை வாசியுங்கள். கார்வை (சுரம் நின்று ஒலிப்பது) நீண்டால் நோய் நெக்கில்தான். தச்சர் வைத்திருக்கும் சின்ன 'சி' கிளாம்பை, துணி சுற்றி, ஹெட்ஸ்டாக்கில் பூட்டிப் பாருங்கள். பலம் ஒழுகும் அந்த ஓட்டை அடைபடாது. ஒன்றிரண்டு ஃப்ரெட் தள்ளிப் போகும். நீங்கள் அதிகம் தொடாத சுரத்துக்குப் போய்விட்டால் அதுவே போதும்.

அதற்கும் முன்னால் காசில்லாத வைத்தியம் ஒன்று. கம்பிகள் சுருதியில் இருக்கும்போதே நெக்கின் நாலு ஸ்க்ரூவையும் கால் சுற்று தளர்த்துங்கள். நாலு கம்பியும் சேர்ந்து 70, 80 கிலோ இழுக்கின்றன. அந்த இழுப்பே நெக்கைக் குழிக்குள் ஒட்ட உட்கார வைக்கும். 'டிக்' என்று சத்தம்கூட வரலாம். பிறகு இறுக்குங்கள். மூட்டில் இடைவெளி இருந்திருந்தால் மொத்த நாதமும் தெளியும்.

எதுவும் சரிவரவில்லையா, அதே 'டி'யை டி கம்பியின் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் வாசியுங்கள். இருபது வருஷம் நான் அப்படித்தான் ஓட்டினேன்.

கேள்வி: பித்தளையில் கனமான பிரிட்ஜ் (பாடியின் கோடியில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) போட்டால் சஸ்டெயின், அதாவது கார்வை, கூடுமாமே? — வாசகி, ஆற்காடு

பதில்: நானும் நம்பினேன். 1996-இல் ஒரு கல்யாண சீசன் சம்பளத்தை முழுசாகக் கொட்டி, சென்னைக்குப் போய்க் கனத்த பிரிட்ஜ் ஒன்று வாங்கி வந்தேன். கடைக்காரர் பேரைச் சொல்ல மாட்டேன், அவர் சொன்னதை மட்டும் சொல்கிறேன்: "கோயில் மணி மாதிரி நிக்கும் சார்." பூட்டினேன். கம்பியை அடித்த அந்த முதல் நொடி கொஞ்சம் கெட்டியாகக் கேட்டது, அதை மறுக்க மாட்டேன். சாகிற சுரம் செத்தபடியே இருந்தது. ஓட்டை நெக்கில் இருக்க, பாடியின் கோடியில் போய்ப் பித்தளை வைத்தால் எப்படி அடையும்? எங்கள் டிரம்மர் ஒரு வருஷம் சிரித்தார். "இன்னாபா, மணி அடிச்சுதா?"

வளைத்த தகட்டில் செய்த சாதாரண பிரிட்ஜே போதும், ஆனால் அதில் எதுவும் ஆடக் கூடாது. ஒவ்வொரு சேடிலின் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) சின்ன ஸ்க்ரூக்கள் இரண்டும் தகட்டில் ஊன்றி நிற்கின்றனவா பாருங்கள். புதுக் கம்பி போட்டதும், சேடிலைத் தாண்டி வரும் இடத்தில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துங்கள். அங்கே கம்பி வில்லாய் வளைந்து நிற்காமல் சுருக்கென்று மடங்க வேண்டும். பிக்கப்பைக் கம்பிக்கு மிக நெருக்கமாக ஏற்றியிருந்தால் இறக்குங்கள். காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும், தடித்த 'ஈ' கம்பி மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி தள்ளாடும்.

ஒன்று கேட்கிறேன், கார்வை எதற்கு அவ்வளவு வேண்டும்? அந்தக் காலப் பிரிசிஷன் பேஸில், பிரிட்ஜை மூடிய குரோம் தகட்டுக்கு அடியில் கம்பியை அமுக்க நுரைப் பஞ்சு வைத்தே விற்றார்கள். நாதம் குறைய வேண்டும் என்பதற்காகவே! குத்துப் பாட்டுக்கு "தும்" என்று விழுந்து ஒதுங்கும் பேஸ்தான் அழகு. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜ் பக்கத்தில் கம்பிக்கு அடியில் செருகி வாசியுங்கள்.

கேள்வி: வீணை போல பலா மரத்தில் பேஸ் செய்தால் நாதம் நீளுமா? — வாசகர், ஆம்பூர்

பதில்: வீணையின் குடம் குடையப்பட்டது, கம்பியின் பலத்தை வாங்கிக் காற்றில் சத்தமாக விடுவதுதான் அதன் வேலை. கட்டை பாடி நேர் எதிர். பலத்தை வாங்காமல் கம்பியிடமே விட்டுவைக்கும், சத்தத்தைப் பிக்கப் பார்த்துக்கொள்ளும். 1956-இல் வந்த ஹோஃப்னர் வயலின் பேஸ் உள்ளே வெற்று, கம்பியும் குட்டை. அதன் நாதம் உருண்டு திரண்டு சீக்கிரம் அடங்கும். ஆசைக்குப் பலாவில் பாடி செய்யுங்கள், தப்பில்லை. நெக்கை மட்டும் நன்றாகக் காய்ந்த, வளையாத மரத்தில் செய்யுங்கள்.

கேள்வி: சர்ச்சில் வாசிக்கிறேன். மே மாதம் வந்தால் கிதார் கரகரக்கிறது, நாதமும் நிற்பதில்லை. — வாசகர், காட்பாடி

பதில்: நம்மூர் அக்னி நட்சத்திரத்தில் மனுஷனே வளைகிறான். இது டெட் ஸ்பாட் இல்லை. கரகரப்பு இருந்தால் கம்பி ஃப்ரெட்டில் உரசிச் சாகிறது என்று அர்த்தம். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கடியில் பாருங்கள். விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியை) கால் சுற்று தளர்த்தி, ஒரு ராத்திரி விட்டு மறுபடி பாருங்கள். ஒரே மூச்சில் திருகி மரை போன நெக்குகள் இரண்டு என் பரணில் கிடக்கின்றன. வெயிலில் நிற்கும் காருக்குள் கிதாரை விடாதீர்கள். வாசித்ததும் வியர்வையைத் துடையுங்கள். சுருள் இடுக்கில் உப்பும் அழுக்கும் ஏறினால் எந்தக் கம்பியும் ஊமையாகும்.

கேள்வி: தலையே இல்லாத பேஸில் இந்தத் தொல்லை இருக்காதா? — வாசகர், ராணிப்பேட்டை

பதில்: குறையும். நெட் ஸ்டைன்பெர்கர் ஹெட்ஸ்டாக்கை எடுத்துவிட்டு, கார்பன் இழையில் விறைப்பாகச் செய்தார். நுனியில் கனமில்லை, நெக்கும் வளைந்து கொடுக்காது, ஆகவே கம்பியின் பலம் கம்பியிலேயே தங்கும். ஆனால் இரண்டு முனையிலும் குண்டு வைத்த கம்பி வேண்டும், அதை வேலூரில் எங்கே போய்த் தேடுவது? உங்கள் பக்கம் யாரிடமாவது ஒன்று இருந்தால் சொல்லுங்கள், பஸ் ஏறி வந்துவிடுகிறேன். வாங்க இல்லை, அந்த ஏழாவது ஃப்ரெட்டை ஒரு தடவை தொட்டுப் பார்க்க.