முட்டை சாப்பிட்டதும் தடித்தது: சின்னக் குழந்தையை அலர்ஜி டெஸ்டுக்கு அழைத்துப் போகுமுன்

கேள்வி: நாங்கள் ஏற்காட்டை அடுத்த நாகலூரில் இருக்கிறோம். மகனுக்கு ஒரு வயது ஏழு மாதம். பத்து நாளுக்கு முன் அவித்த முட்டையில் பாதியை ஊட்டினேன். கால் மணி நேரத்தில் வாயைச் சுற்றித் திட்டுத்திட்டாகத் தடித்தது. ஒரு கண் இமை வீங்கியது, ஒருமுறை வாந்தி எடுத்தான். மருத்துவர் கொடுத்த சிரப்பில் இரண்டு மணி நேரத்தில் அடங்கியது. மாமியார் இது காணாக்கடி என்கிறார். சேலத்தில் ஒரு லேபில் 200 உணவுக்கும் சேர்த்து ஒரே ரத்த டெஸ்ட் இருக்கிறதாம், எடுத்துவிடலாமா? அலர்ஜி டாக்டரிடம் போனால் இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் ஊசி குத்துவார்களா? பயத்தில் பால், வேர்க்கடலை, கோழிக்கறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். அடுத்த தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியில் முட்டை கலந்திருக்கிறது என்கிறார்கள். போடலாமா?

பதில்: முதலில் அந்த 200 உணவு டெஸ்ட். அதை எடுக்க வேண்டாம், சகோதரி. பணம் கட்டியிருந்தால்கூடத் திருப்பிக் கேளுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். உணவு அலர்ஜியில் எந்த லேபும் தர முடியாத தகவலை உங்கள் கடிதத்தின் நான்கு வரி தந்துவிட்டது. என்ன சாப்பிட்டான், எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் என்ன ஆனது என்பதுதான் அது. உடனடியாக வரும் உணவு அலர்ஜி சில நிமிடங்களில் தொடங்கி, பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். உங்கள் மகனுக்கு நடந்தது அச்சு அசல் அப்படியே இருக்கிறது. மாமியார் சொன்னதும் தப்பில்லை. காணாக்கடி என்பது அந்தத் தடிப்புக்கு நம் ஊரில் வழங்கும் பெயர். சளிக் காய்ச்சலோடும் அது குழந்தைகளுக்கு வரும். ஆனால் அப்படி வருவது சாப்பாட்டோடு சம்பந்தமில்லாமல் நாள்கணக்கில் வந்து வந்து மறையும். முட்டை உள்ளே போன கால் மணி நேரத்தில் இமை வீங்கி, வாந்தியும் வந்தால் முட்டையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

உடம்பு முட்டையின் புரதத்தை எதிரியாக நினைத்து, அதற்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளைச் செய்து வைத்திருக்கும். மறுபடி முட்டை வந்ததும் அது ஹிஸ்டமின் போன்றவற்றைக் கொட்டச் செய்கிறது. தடிப்பு, அரிப்பு, வீக்கம் எல்லாம் அதன் வேலை. டெஸ்டுகள் தேடுவது இந்த ஐஜிஇயைத்தான். சிக்கல் எங்கே என்றால், ரத்தத்தில் ஐஜிஇ இருந்தும் அந்த உணவை நிம்மதியாகச் சாப்பிடும் குழந்தைகள் ஏராளம். 200 உணவுக்குப் பார்த்தால் சிலவாவது பாசிட்டிவ் என்று வரும். அதை வைத்துக்கொண்டு அம்மா என்ன செய்வார்? ஒவ்வொன்றாக நிறுத்துவார்.

இன்னும் மோசமானது, இப்படிப்பட்ட பேக்கேஜ்களில் சில பார்ப்பது ஐஜிஇயைக்கூட அல்ல, ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் பொருளை. ஒரு உணவைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறது என்பதற்கு மேல் ஐஜிஜி எதையும் சொல்லாது. தினமும் இட்லி சாப்பிடும் பிள்ளைக்கு அரிசிக்கும் உளுந்துக்கும் அது இருக்கத்தான் செய்யும். என்னிடம் ஒரு இரண்டு வயதுக் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். கையில் கலர் கலராக அச்சிட்ட ரிப்போர்ட். சிவப்பில் இருந்த பால், கோதுமை, துவரை, தக்காளி, வாழைப்பழம் எல்லாவற்றையும் ஐந்து மாதமாகக் கொடுக்கவில்லை. கஞ்சியும் ஆப்பிளும்தான் சாப்பாடு. தடுப்பூசி அட்டையில் எடைக் கோட்டைப் பார்த்தேன். ஒன்றரை வயது வரை மேலே ஏறி வந்த கோடு, அதன்பின் தரையில் படுத்தமாதிரி கிடந்தது. அந்தக் குழந்தைக்கு எந்த உணவு அலர்ஜியும் இல்லை. அந்த அட்டையை என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. குழந்தைகள் மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, குழந்தைகளுக்கு அலர்ஜி பார்க்கும் ஒருவரிடம் தேதி வாங்குங்கள். வாங்கும்போதே, உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கும் சோதனையும் அங்கே செய்வார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தோல் டெஸ்ட் இன்றோ நாளையோ வேண்டாம். ஒரு பெரிய ரியாக்‌ஷன் வந்த கொஞ்ச நாளுக்குத் தோல் சரியாகப் பதில் சொல்லாமல் போகலாம். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் விட்டுப் பார்ப்போம். உங்களுக்குப் பத்து நாள்தான் ஆகிறது, அதனால் அவசரம் இல்லை. அதுவரை முட்டை மட்டும் வேண்டாம்.

அந்த இடைவெளியில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அன்றைக்கு முட்டையோடு வேறென்ன கொடுத்தீர்கள், முட்டை முழுக்க வெந்திருந்ததா, முன்னால் எப்போதாவது முட்டை கொடுத்ததுண்டா, அப்போது ஏதாவது ஆனதா, கேக், பிஸ்கட், பேக்கரி பன் சாப்பிட்டிருக்கிறானா, உடம்பில் கரப்பான் (தோல் வறண்டு அரிக்கும் எக்ஸிமா) உண்டா, மூச்சு இழுப்பு உண்டா. தடிப்பைப் போனில் படம் எடுத்திருந்தால் அழித்துவிடாதீர்கள். நான் எதிரில் பார்க்கும்போது குழந்தையின் முகம் பளிங்குபோல இருக்கும். அந்தப் படம் மட்டும்தான் எனக்கு அன்றைய நிலவரத்தைக் காட்டும்.

அடுத்து, அலர்ஜி டெஸ்டுக்கு வருகிறவர்களில் பலர் தவறவிடும் விஷயம். தோல் டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே அலர்ஜி மருந்து கொடுக்கக் கூடாது. செட்ரிசின், லெவோசெட்ரிசின், ஹைட்ராக்சிசின் எதுவும் உடம்பில் இருந்தால் தோல் தடிக்காது. முட்டை ஆகாத குழந்தைக்கும் டெஸ்ட் சுத்தமாக வரும். இவை சளி சிரப்பிலும் ஒளிந்திருக்கும். மலையில் பனிக்காலத்தில் மூக்கொழுகாத பிள்ளை ஏது? மான்டெலுகாஸ்டும் லெவோசெட்ரிசினும் கலந்த சிரப்பும், குளோர்பெனிரமின் உள்ள சளி மருந்தும் பல வீடுகளில் பிரிட்ஜ் மேலேயே நிற்கின்றன. பாட்டிலைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள், அல்லது எல்லா பாட்டிலையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள். ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரை மட்டும் நிறுத்த வேண்டாம், அது டெஸ்டைக் கெடுக்காது. நடுவில் அரிப்போ தடிப்போ வந்தால் மருந்தைக் கொடுத்துவிட்டு டெஸ்ட் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். குழந்தையை அவதிப்பட விட்டு டெஸ்டைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

ஏற்காட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது வாந்தி வரும் என்று கிளம்புமுன் மருந்து கொடுப்பார்கள். பயண வாந்திக்கான மருந்துகளில் பலவும் இதே அலர்ஜி மருந்துக் குடும்பம்தான். அவற்றில் புரோமெதசின் என்பதை இரண்டு வயதுக்குள் கொடுக்கவே கூடாது. பதிலாக, லேசாகச் சாப்பிட வைத்து, காற்றோட்டமாக உட்கார வைத்து, நடுவில் ஒருமுறை வண்டியை நிறுத்தி இறங்குங்கள். மாற்றுத் துணி இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் ஊசிப் பயம். தோல் டெஸ்டில் ஊசி போடுவதில்லை, ரத்தம் எடுப்பதும் இல்லை. சின்னப் பிள்ளையாக இருந்தால் உங்கள் மடியில் மார்போடு சாய்த்து உட்கார வைப்போம், முதுகு என் பக்கம் இருக்கும். பேனாவால் சின்னச் சின்னப் புள்ளி வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சொட்டு விடுவோம். முட்டை வெள்ளைக்கு ஒன்று, மஞ்சள் கருவுக்கு ஒன்று. அப்புறம் வெறும் உப்பு நீர் ஒன்று, ஹிஸ்டமின் ஒன்று. சொட்டின் மேல் ஒரு சின்ன முனையை வைத்து லேசாக அழுத்தி எடுப்போம். தோலின் மேல்பரப்போடு சரி. நகத்தால் கிள்ளியமாதிரி இருக்கும், அவ்வளவுதான். பெரும்பாலான குழந்தைகள் அழுவது வலியால் அல்ல, பிடித்து வைக்கிறோமே என்ற கோபத்தால். உங்கள் மகனுக்கு நான்கைந்து புள்ளிகளுக்கு மேல் தேவைப்படாது.

பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். இந்த நேரம்தான் கஷ்டம், ஏனென்றால் அரிக்கும், அவன் சொறியப் பார்ப்பான். பிடித்த பொம்மை ஒன்று கையில் இருக்கட்டும். ஹிஸ்டமின் வைத்த இடம் கொசுக்கடிபோலத் தடிக்க வேண்டும். தடித்தால்தான் டெஸ்ட் வேலை செய்கிறது என்று அர்த்தம், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். உப்பு நீர் வைத்த இடம் தடிக்கக் கூடாது. முட்டைப் புள்ளியின் தடிப்பு உப்பு நீர் புள்ளியைவிடக் குறைந்தது 3 மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் பாசிட்டிவ். ஒரு மணி நேரத்தில் எல்லாம் மறைந்துவிடும். அன்று முதுகில் எண்ணெய், கிரீம் எதுவும் தடவ வேண்டாம்.

சில சமயம் பாட்டிலில் வரும் சாறு போதாமல் உண்மையான உணவிலேயே முனையைத் தொட்டுத் தோலில் வைப்போம். எதைக் கொண்டுவர வேண்டும் என்று முன்பே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். பச்சை முட்டை, அவித்த முட்டை இரண்டையும் கேட்டால் தனித்தனி டப்பாவில் மூடி, குழந்தையின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கரப்பான் நிறைய இருந்தாலோ, மருந்தை நிறுத்தவே முடியாவிட்டாலோ ரத்தத்தில் ஐஜிஇ பார்க்கலாம். சளி சிரப் அதைப் பாதிக்காது. ஆனால் முட்டைக்கு மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு டெஸ்டிலும் ஒன்றை மனத்தில் வையுங்கள்: தடிப்பு எவ்வளவு பெரிதோ, எண் எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்கு அலர்ஜி இருக்கும் வாய்ப்பு அதிகம். அடுத்த ரியாக்‌ஷன் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை அந்த எண் சொல்லாது. டெஸ்ட் நெகட்டிவாக வந்தாலும் வீட்டில் முட்டை கொடுத்துப் பார்க்காதீர்கள். கதைக்கும் டெஸ்டுக்கும் ஒத்துப்போகாதபோது ஆஸ்பத்திரியில் வைத்து, கடுகளவில் தொடங்கி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் கூட்டிக் கொடுத்துப் பார்ப்போம். மருந்தும் ஆளும் தயாராகப் பக்கத்தில் இருப்பார்கள். அரை நாள் ஆகும். இதைவிட உறுதியான டெஸ்ட் வேறு இல்லை.

நீங்கள் நிறுத்திவிட்ட சாப்பாட்டுக்கு வருவோம். பால், வேர்க்கடலைச் சட்னி, கோழிக்கறி இவற்றை இதற்குமுன் பிரச்சினை இல்லாமல் சாப்பிட்டிருந்தால் நாளையிலிருந்தே திரும்பக் கொடுங்கள். முட்டை ஆகாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குக் கோழிக்கறி ஒன்றும் செய்யாது. கடலையைப் பயந்து தள்ளிப்போடுவது நல்லதும் இல்லை. 2015இல் இங்கிலாந்தில் 640 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு வெளியானது. கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்தும் சின்ன வயதிலேயே கடலை சாப்பிட்டு வந்தவர்களுக்குக் கடலை அலர்ஜி வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் முழுக் கடலையைக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் போய் அடைக்கும். அரைத்துக் கொடுங்கள்.

நிறுத்த வேண்டியது முட்டை ஒன்றைத்தான். ஆனால் அதை முழுதாக நிறுத்த வேண்டும். நாட்டுக்கோழி முட்டை பரவாயில்லையா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நாமக்கல் பண்ணை முட்டையோ, வீட்டுக் கோழி முட்டையோ, புரதம் ஒன்றுதான். காடை முட்டை, வாத்து முட்டையும் வேண்டாம். பப்ஸ் மேல் பளபளப்புக்கு முட்டை தடவுவார்கள், பேக்கரியில் கேளுங்கள். பாக்கெட் உணவில் முட்டை இருந்தால் லேபிளில் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். அங்கன்வாடிக்கு அனுப்பினால் டீச்சரிடமும் ஆயாவிடமும் வாயாலும் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். கேக்கில் வெந்த முட்டையை இவன் ஏற்கனவே சாதாரணமாகச் சாப்பிட்டு வந்தால் அதைச் சொல்லுங்கள். முட்டை அலர்ஜி உள்ள பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மாவோடு நன்றாக வெந்த முட்டை ஒத்துக்கொள்கிறது. அப்படியானால் அதை நிறுத்தச் சொல்ல மாட்டோம். இதுவரை சாப்பிட்டதில்லை என்றால் நீங்களாக முயல வேண்டாம். முட்டை அலர்ஜி பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரப் போய்விடும். வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்ப்பது அதற்காகத்தான்.

தெரியாமல் முட்டை உள்ளே போய்விட்டால்? தோலில் தடிப்பு மட்டும் என்றால் சிரப் கொடுத்துக் கவனியுங்கள். விடாத இருமல், மூச்சு இழுப்பு, குரல் கம்மல், திரும்பத் திரும்ப வாந்தி, குழந்தை துவண்டு வெளிறிப்போவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சிரப்பை நம்பிக் காத்திருக்கக் கூடாது. அப்போது உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான். உங்களுக்கு அது வீட்டிலும் வேண்டுமா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். நீங்கள் இருக்கும் தூரத்தைப் பார்த்தால் வேண்டும் என்பேன். எடைக்கேற்ற அளவை எழுதி வாங்கி, எப்படிப் போடுவது என்று அங்கேயே செய்து பழகுங்கள். அந்த நிலையில் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியை நோக்கி மலை இறங்காதீர்கள். 108க்குப் போன் செய்துவிட்டு, ஏற்காட்டில் எது பக்கமோ அந்த ஆஸ்பத்திரிக்குள் முதலில் நுழையுங்கள். குழந்தையைத் தோளில் நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், மடியில் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார்ந்தமாதிரி பிடியுங்கள்.

கடைசியாகத் தடுப்பூசி. தட்டம்மை, ரூபெல்லா ஊசியின் இரண்டாவது தவணை 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டியது. முட்டை அலர்ஜி உள்ள குழந்தைகளுக்கும் அது பாதுகாப்பானது, அலர்ஜி டெஸ்டுக்காகத் தள்ளிப்போட வேண்டாம். செவிலியரிடம் நடந்ததைச் சொல்லி அடுத்த தடுப்பூசி நாளிலேயே போட்டுவிடுங்கள். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்து வாருங்கள்.