ஜெபிக்க வாய் வரவில்லை

கேள்வி: எனக்கு 43 வயது. கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரில்) குடியிருக்கிறோம். மூன்று தலைமுறையாக லுத்தரன் சபைக் குடும்பம். துறைமுகத்தில் ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த என் கணவருக்கு இரண்டு வருடமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் பாண்டியில் டயாலிசிஸ். விடியற்காலை 5 மணி பஸ்ஸில் போனால் சாயங்காலம்தான் வீடு. தாலியைத் தவிர நகையெல்லாம் அடகில். ஜெபக்கூட்டத்துச் சகோதரிகள், "உங்க வீட்டுல அறிக்கை பண்ணாத பாவம் ஏதோ இருக்கு, விசுவாசம் பத்தல" என்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்த ஓர் ஊழியக்காரர், டயாலிசிஸை நிறுத்திவிட்டு 21 நாள் உபவாசம் இருந்தால் சுகம் நிச்சயம் என்று சொல்லிவிட்டுப் போனார். கணவர் அதை யோசிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கோ ஆறு மாதமாக முழங்காலில் நின்றால் ஒரு வார்த்தை வருவதில்லை. கோயிலில் கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறேன். காலேஜ் போகும் மகள் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரி நாளில் பக்கத்து வீட்டு அக்காதான் சமைத்து வைக்கிறார். அவர்கள் அம்மனைக் கும்பிடுகிறவர்கள். டாக்டர் சொன்னபடி காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்து, உப்புக் குறைத்துச் செய்வார். அதைச் சாப்பிடும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த விசுவாசத்தை நான் எப்படிப் பிடித்துக்கொள்வது?
— ஒரு சகோதரி, கடலூர்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். டயாலிசிஸை ஒரு தடவைகூட விடாதீர்கள். சிறுநீர் பிரியாத உடம்பில் குடித்த தண்ணீர் அப்படியே தங்கும், நுரையீரலில் கோத்துக்கொள்ளும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். உபவாசத்தை முடிக்கிறேன் என்று, பொட்டாசியம் நிறைந்த ஓர் இளநீரைக் குடித்தாலே உங்கள் கணவருக்கு ஆபத்து. 21 நாள் என்பது பேசக்கூடிய பேச்சே இல்லை.

உங்கள் கணவரை ஏசாயா 38-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எசேக்கியா ராஜா சாகக் கிடக்கிறார். அழுது ஜெபிக்கிறார். 15 வருடம் ஆயுசைக் கூட்டித் தருவதாகக் கர்த்தரே வாக்குக் கொடுக்கிறார். அப்புறம் என்ன நடக்கிறது? அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து ராஜாவின் கட்டியின்மேல் பற்றுப் போடச் சொல்கிறார் தீர்க்கதரிசி ஏசாயா. தேவனுடைய வாயிலிருந்து வாக்கு வந்த பிறகும் மருந்து போட்டார்கள். அதை யாரும் அவிசுவாசம் என்று சொல்லவில்லை. பவுல் தன்கூட இருந்த லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்றுதான் எழுதினார். இதையெல்லாம் படித்த பிறகும் மருந்தை நிறுத்தச் சொல்கிற ஓர் ஊழியக்காரர் வந்தால், கதவைத் திறக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கும் அந்தத் திட்டத்தின் கவுண்டருக்குப் போங்கள். கடலூர் அரசு மருத்துவமனையிலேயே டயாலிசிஸுக்கு இடம் கிடைக்குமா என்று கூடவே விசாரியுங்கள். பாண்டி அலைச்சல் மிச்சமானால் அதுவே பெரிய விஷயம்.

சரி, பாவம் என்று சொன்னார்களே, அந்தப் பேச்சு. பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்களும் அதையேதான் கேட்டார்கள்: இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா? இரண்டும் இல்லை என்றார் இயேசு. எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் வாய் திறக்காமல் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். காரணம் சொல்லக் கிளம்பியதில்தான் கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது அவர்கள்மேல்தான். அத்தனை கேள்வி கேட்டுக் கத்திய யோபுதான் சரியாகப் பேசினான் என்று சொல்லிவிட்டார். அந்தச் சகோதரிகள் அடுத்த முறை வந்தால் சண்டை வேண்டாம். "அக்கா, ரெண்டு மணி நேரம் இவர்கூட உக்காந்திருங்க, நான் கொஞ்சம் தூங்கி எந்திரிக்கிறேன்" என்று கேளுங்கள். உட்காருகிறவர்களை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

2004 டிசம்பர் 26 உங்களுக்கும் நினைவிருக்கும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் என்று கரையோரம் முழுக்க வாரிக்கொண்டு போனது. நம் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். ஐந்து நாள் கழித்து வருடக் கடைசி இரவு ஆராதனை. அன்றைக்கு எழுந்து நின்று அந்த வருடம் கிடைத்த நன்மைகளைச் சாட்சி சொல்வதுதான் எங்கள் சபையில் வழக்கம். ஒருவரும் எழவில்லை. பாட்டு ஆரம்பித்தார்கள், இரண்டாவது அடியில் நின்றுபோனது. எங்கள் போதகருக்கு அப்போதே வயது எழுபதுக்கு மேல் இருக்கும். பிரசங்கத்துக்கு எழுதி வைத்திருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். 13-ஆம் சங்கீதத்தை எடுத்தார். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" அந்தச் சங்கீதத்தில் 'எதுவரைக்கும்' நான்கு முறை வரும். இரண்டாவது முறை வரும்போது பின்னாலிருந்து யாரோ ஓர் ஆண் குரல் கூடவே சொன்னது. நான்காவது முறை கோயிலே சொன்னது. அதோடு நிறுத்திப் பைபிளை மூடிவிட்டார். ஆறாம் வசனத்தில் பாட்டு வரும். அதை அன்றைக்கு அவர் வாசிக்கவில்லை. அதை இன்னொரு வருடத்துக்கு எடுத்து வைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதைவிட நிஜமான ஓர் ஆராதனையில் நான் இதுவரை உட்கார்ந்ததில்லை.

அதனால்தான் சொல்கிறேன், ஜெபிக்க வாய் வராததும் விசுவாசம் போய்விட்டதும் ஒன்றல்ல. உங்களுக்கு நீளமான ஜெபம் இப்போது வேண்டாம். பஸ்ஸில் ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியகோயில், கிருமாம்பாக்கம் என்று ஒவ்வொரு நிறுத்தமாக வருமே, நின்ற இடத்தில் 'எதுவரைக்கும்' என்று ஒரு தடவை சொல்லுங்கள். கோபம் வந்தால் கோபமாகவே சொல்லுங்கள். பைபிளில் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள், அதை யாரும் கிழித்தெடுத்துவிடவில்லை. 88-ஆம் சங்கீதம் கடைசி வரிவரை ஓர் ஆறுதலும் இல்லாமலே முடிகிறது. அதுவும் ஜெபப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

பிடித்துக்கொள்வது எப்படி என்று கேட்டீர்கள். மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் கப்பர்நகூமில் ஒரு திமிர்வாதக்காரன் வருகிறான் இல்லையா? அவன் எதைப் பிடித்தான்? கை கால் விழுந்தவன், படுக்கையில் கிடந்தான். நாலு பேர் தூக்கி வந்தார்கள். கூட்டத்தில் வழி இல்லை என்றதும் கூரையைப் பிரித்து இறக்கினார்கள். அங்கே எழுதியிருப்பதை நிறுத்தி வாசியுங்கள்: இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் இருக்கிறது. படுத்துக் கிடந்தவனுடைய விசுவாசம் எவ்வளவு என்று அங்கே யாரும் அளந்து பார்க்கவில்லை. தங்கையே, இரண்டு வருடமாக நீங்கள் ஒரு படுக்கையை ஒண்டியாகத் தூக்கிக்கொண்டு நடக்கிறீர்கள். இந்த ஆறு மாதமாக நீங்களே அதில் கிடக்கிறீர்கள், கவனித்தீர்களா? இப்போது தூக்க வேண்டியது மற்றவர்கள். கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருங்கள். பக்கத்தில் பாடுகிறவர்கள் உங்களுக்கும் சேர்த்துப் பாடட்டும். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது உங்கள் வாய் மூடியிருந்தாலும் பரவாயில்லை, சபை சொல்கிறதே. போதகரிடம் போய், "ஐயா, என்னால ஜெபிக்க முடியல, நீங்க எனக்காகப் பண்ணுங்க" என்று சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். என் தம்பி இறந்த வருடம் நான் அதைச் சொல்ல எட்டு மாதம் எடுத்துக்கொண்டேன். இன்னும் சீக்கிரம் சொல்லியிருக்கலாம்.

அப்புறம் அந்தப் பக்கத்து வீட்டு அக்கா. உங்கள் கடிதத்திலேயே எனக்குக் கண் கலங்கிய இடம் அதுதான். நீங்களோ வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். தூதன் வந்து அவரைக் கண்டிக்கவில்லை, வசனம் சொல்லவில்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தது. சாப்பிட்டார், மறுபடியும் தூங்கிப்போனார். தூதன் இரண்டாம் தடவையும் சாப்பிடத்தான் எழுப்பினான், போக வேண்டிய வழி தூரம் என்று. தண்ணீரை வடித்து, உப்பை அளந்து, மறக்காமல் செவ்வாயும் வெள்ளியும் மூடி வைத்திருக்கிற அந்தச் சாப்பாட்டுக்கு வேறு என்ன பேர் வைப்பீர்கள்? அவர் எந்தச் சாமியைக் கும்பிட்டால் என்ன? ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு வயிறாரச் சாப்பிடுங்கள்.

மகளை வற்புறுத்த வேண்டாம். இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதைத் தோமா ஒரு வாரம் நம்பாமல்தான் இருந்தார், மற்ற சீஷர்கள் அவரை வெளியே அனுப்பவில்லை. எட்டு நாள் கழித்துக் கதவு பூட்டியிருந்த அந்த வீட்டுக்குள் அவரும் இருந்தார். அவள் வீட்டுக்குள் இருக்கட்டும், அப்பாவோடு பேசிக்கொண்டு இருக்கட்டும். கோபத்தை உங்களிடம் சொன்னால் பதில் சொல்லாமல் கேளுங்கள்.

கடிதத்தில் உங்கள் கணவர் பெயரை எழுதியிருந்தீர்கள். இங்கே அச்சிடவில்லை, ஆனால் என் பைபிளில் குறித்து வைத்துவிட்டேன். செவ்வாயும் வெள்ளியும் காலை 5 மணிக்கு நான் எழுந்துவிடுவேன். அந்தப் பெயரைச் சொல்லி, உங்கள் பெயரையும் சொல்லி ஜெபிப்பேன். ஜன்னலோர சீட் கிடைத்தால் தலையைச் சாய்த்துக்கொள்ளுங்கள். அரியாங்குப்பம் வரைக்குமாவது தூங்கிக்கொண்டு போங்கள்.