நரம்பில்லாத காதுக்கு என்ன வழி?

காது, மூக்கு, தொண்டை: கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயத்தைச் சுற்றியே இருந்தன. ஆகவே மூளைத்தண்டில் பொருத்தும் செவிக் கருவிக்கே இந்தப் பக்கங்களை ஒதுக்கிவிட்டோம். வைத்தியர்கள் அதைச் சுருக்கமாக ஏ.பி.ஐ. என்பார்கள். உட்காதுக்குள் வைக்கும் கொக்கிளியர் இம்பிளான்ற் வேலை செய்யச் செவிநரம்பு வேண்டும்; ஏ.பி.ஐ. அந்த நரம்பைத் தாண்டி நேரே மூளைத்தண்டைத் தூண்டும்.

கேள்வி: மகளுக்கு இரண்டு வயது. பிறந்தபோது காதில் சின்னக் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு 'பாஸ்' என்றார்கள். இப்போது பின்னால் நின்று தட்டத்தைப் போட்டாலும் திரும்புகிறாள் இல்லை. ஸ்கான் பார்த்த வைத்தியர், நரம்பு இல்லை, கொக்கிளியர் இம்பிளான்ற் சரிவராது என்கிறார். அப்போ முதல் பரிசோதனை பொய்யா?
ஒரு தாய், கோப்பாய்

பதில்: பொய்யில்லை, அது பார்த்த இடம் வேறு. நீங்கள் சொல்வது ஓ.ஏ.இ. சோதனை. உட்காதிலுள்ள வெளி மயிர்க்கலங்கள் நல்லபடி இருந்தால், சத்தம் உள்ளே போனதும் மெல்லிய எதிரொலி ஒன்று திரும்பி வரும். குழாயிலுள்ள மைக் அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கலங்களுக்கு அப்பால் நரம்பு மூளைவரை சேதி கொண்டுபோகிறதா என்று இந்தச் சோதனைக்குத் தெரியாது. மீற்றர்வரை கரண்ட் வந்திருக்கிறது, வீட்டுக்குள் வயரிங் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வயரிங்கைப் பார்ப்பது ஏ.பி.ஆர். பிள்ளை தூங்கும்போது தலையில் மின்வாய்களை ஒட்டி, சத்தத்துக்கு நரம்பும் மூளைத்தண்டும் தரும் அலையை அளப்பார்கள். 'பாஸ்' ஆன பிள்ளையும் சத்தத்துக்குத் திரும்பாவிட்டால் இதைக் கேட்டு வாங்க வேண்டும். அடுத்தது எம்.ஆர்.ஐ. இதில் சாதாரணத் தலை ஸ்கான் போதாது. உட்செவிக் கால்வாயைக் குறுக்கே அறுத்துப் பார்ப்பதுபோல, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்பில் சாய்வு வெட்டுகள் எடுக்க வேண்டும். அந்தப் படத்தில் கால்வாய்க்குள் நான்கு புள்ளிகள் தெரியும்: முகநரம்பு, செவிநரம்பு, சமநிலைக்கான இரண்டு. செவிநரம்பின் புள்ளி அடியில் முன்பக்கமாக இருக்கும். உங்கள் மகளின் படத்தில் அந்தப் புள்ளி இருக்கிறதா, இரண்டு காதிலும் இல்லையா என்று வைத்தியரிடம் படத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அறவே இல்லாததும், மெலிந்து கிடப்பதும் ஒன்றல்ல. மெலிந்த நரம்பென்றால் முதலில் கொக்கிளியர் வைத்துச் சில மாதம் பார்த்து, பலனில்லாவிட்டால்தான் ஏ.பி.ஐ.க்குப் போகும் குழுக்கள் பல.

கேள்வி: கொக்கிளியரும் இதுவும் வெளியில் பார்க்க ஒன்றுபோலத்தானே கிடக்கின்றன? மூளையில் கை வைப்பது என்றதும் பயமாக இருக்கிறது. உள்ளே என்னதான் செய்கிறார்கள்?
வாசகர், சுன்னாகம்

பதில்: வெளிப்பாகம் ஏறக்குறைய ஒன்றுதான். காதுக்குப் பின்னால் மாட்டும் புரொசெசர், தலைத்தோலில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சுருள், தோலுக்கு அடியில் அதன் சோடி. வயரின் நுனியில்தான் வித்தியாசம். கொக்கிளியரில் நூல்போன்ற மின்வாய் வரிசை நத்தைச் சுருளுக்குள் நுழையும். இதில் நுனி ஒரு தட்டையான துண்டு. நியூக்கிளியஸ் என்ற பெயரில் வரும் கருவியில் 8.5 மி.மீ. நீளம், 3 மி.மீ. அகலம், ஒரு நெல்மணியளவு. அந்த நெல்மணியின் முகத்தில் 21 பிளாட்டினப் பொட்டுகள்.

காதுக்குப் பின்னால் மண்டையோட்டைத் திறந்து, சிறுமூளையை மெல்ல ஒதுக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். போய்ச் சேரும் இடம் நான்காம் மூளையறையின் பக்கப் பொந்து. செவிநரம்பு மூளைத்தண்டில் வந்து முடியும் இடமான செவிக்கரு அதன் தரையில் இருக்கிறது. ஆனால் கண்ணுக்கு அப்படி எதுவும் தெரியாது. ஒன்பதாம் மூளைநரம்பையும் பொந்தின் வாயிலிருந்து எட்டிப்பார்க்கும் இரத்தக்குழாய்ப் பின்னலையும் பிடித்துக்கொண்டுதான் வழி தேடுவார்கள். சந்தேகமென்றால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் நெஞ்சுக்குள் காற்றழுத்தத்தைக் கூட்டச் சொல்வார்கள். உடனே மூளைநீர் கொப்பளித்து வரும் துளைதான் வாசல்.

தகட்டை உள்ளே வைத்ததும் வேலை முடியாது. பொட்டுகளில் மின்துடிப்பு விட்டு ஏ.பி.ஆர். அலை வருகிறதா என்று அங்கேயே பார்ப்பார்கள். அலை வராமல் முகமோ தொண்டையோ துடித்தால் தகடு பக்கத்து நரம்பைத் தொடுகிறது என்று அர்த்தம். அரை மில்லிமீற்றர் திருப்பி மறுபடி பார்க்க வேண்டும். இதற்காகத் தசையைத் தளர்த்தும் மருந்தை அந்நேரம் கொடுக்கமாட்டார்கள். சரியான இடம் கிடைத்ததும் சிறு கொழுப்புத் துண்டோ தசைத் துண்டோ வைத்துப் பொந்தை அடைப்பார்கள். பின்னால் தகடு நழுவினால் கேட்டதும் கேட்காமல் போகும்.

பயம் நியாயமானதே. மூளைநீர் கசிவும் மூளைக்காய்ச்சலும்தான் முக்கிய ஆபத்துகள். நிமோகொக்கஸ் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்த பின் குனியும்போது மூக்கால் தெளிந்த நீர் சொட்டினால், அல்லது காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், பனடோல் கொடுத்து விடியும்வரை பார்க்க வேண்டாம். அன்றிரவே வைத்தியசாலை.

கேள்வி: தம்பிக்கு 26 வயது. இரண்டு காது நரம்பிலும் கட்டி, என்.எஃப்.2 என்கிறார்கள். ஒரு பக்கம் ஏற்கெனவே போய்விட்டது. மற்றதையும் எடுத்தால் ஏ.பி.ஐ. வைக்கலாமாம். பிறகு பழையபடி ஃபோனில் கதைப்பானா?
ஒரு அண்ணன், பருத்தித்துறை

பதில்: பெரும்பாலும் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

இந்தக் கருவி பிறந்ததே இந்த நோயாளிகளுக்காகத்தான். 1979இல் லொஸ் ஏஞ்சலிசில் வில்லியம் ஹவுஸும் வில்லியம் ஹிற்செல்பேர்கரும் முதன்முதலாகப் பொருத்தியது ஒரு என்.எஃப்.2 நோயாளிக்கு. 2000இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதித்ததும் 12 வயதும் அதற்கு மேலுமான இதே நோயாளிகளுக்கு. இத்தனை அனுபவத்துக்குப் பிறகும் பெரும்பாலானோருக்குக் கிடைப்பது சத்தம் இருக்கிறது என்ற உணர்வும், வாயசைவைப் பார்த்து விளங்குவதற்கு நல்ல உதவியும்தான். முகம் பாராமல் கதை விளங்குபவர்கள் சிறுபான்மையினர். கட்டி அழுத்தியதிலும் அதை எடுத்ததிலும் செவிக்கருவே அடிபட்டிருக்கலாம் என்பது ஒரு காரணம். மற்றது, செவிக்கருவில் சுருதிகள் ஆழத்தை நோக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. தகடோ மேற்பரப்பில் கிடக்கிறது. ஊசிபோல் உள்ளே குத்தும் மின்வாய்களையும் செய்து பார்த்தார்கள், எதிர்பார்த்த பலன் வரவில்லை.

வெட்டுவதற்கு முன்பே இரண்டு கேள்வி கேளுங்கள். கட்டியை எடுக்கும்போது செவிநரம்பை மிச்சம் பிடிக்க முடியுமா? முடிந்தால் கொக்கிளியர் போதும், பலனும் அதிகம். பெவசிசுமாப் மருந்தால் கட்டியைச் சில காலம் அடக்கி வைக்கலாமா? சிலருக்கு அது கேட்டலையும் காப்பாற்றுகிறது. தம்பி வாயசைவு பார்க்கும் பயிற்சியை, கேட்கிற காது இருக்கும்போதே தொடங்கட்டும்.

கேள்வி: மகனுக்கு ஏ.பி.ஐ. வைத்துக் கருவியைத் திறந்த அன்று சத்தத்துக்குத் திரும்புவான் என்று பார்த்தோம். அவன் இருமினான், அழுதான், ஒரு பக்கக் கண் துடித்தது. சில மின்வாய்களை மூடிவிட்டார்கள். பழுதாகிப் போச்சா?
பெற்றோர், சாவகச்சேரி

பதில்: பழுதில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த நாள்.

செவிக்கருவுக்குப் பக்கத்திலேயே முகம், தொண்டை, சமநிலை நரம்புகளின் வழிகள் கிடக்கின்றன. மின்னோட்டம் கசிந்தால் இருமல், தொண்டை இறுக்கம், தலைச்சுற்று, கண் ஆட்டம், உடம்பில் ஒரு பக்கம் கூச்சம் என்று வரும். இதயத் துடிப்பும் மாறலாம் என்பதால் முதல் திறப்பை ஈ.சி.ஜி. பூட்டி, உயிர்காப்பு வசதியுள்ள இடத்தில்தான் செய்வார்கள். ஒவ்வொரு பொட்டையும் தனித்தனியாக, பூச்சியத்திலிருந்து மெதுவாகக் கூட்டிப் பார்ப்பார்கள். தொல்லை தருவதில் மின்னளவைக் குறைத்துப் பார்ப்பது, துடிப்பை நீட்டிப் பார்ப்பது, அதற்கும் அடங்காவிட்டால் மூடுவது. 21இல் கொஞ்சம் மூடப்பட்டிருப்பது வழமையே. பிறகு சில திரும்பத் திறக்கப்படுவதும் உண்டு.

இனி உங்கள் வேலை. காலையில் கருவியை மாட்டியதும் ஆறு ஒலிகளைச் சொல்லிப் பாருங்கள்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். வாயை ஒரு கடதாசியால் மறைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில், ஒழுங்கை மாற்றி மாற்றி. கேட்கும் ஒவ்வொரு தரமும் பிள்ளை ஒரு புளியங்கொட்டையைப் பேணிக்குள் போடட்டும். சில வேளை ஒன்றும் சொல்லாமல் சும்மா இருங்கள். அப்போதும் கொட்டை விழுந்தால் அவன் கேட்கவில்லை, உங்கள் கண்ணைப் பார்க்கிறான். எந்த ஒலி நேற்று இருந்து இன்று இல்லை என்பதைக் கொப்பியில் எழுதுங்கள். அடுத்த மப்பிங்குக்கு, அதாவது மின்வாய்களின் அளவைத் திருத்தியமைக்கப் போகும்போது, அந்தக் கொப்பி பெரிய உதவி.

சொற்களை நீளத்தால் பிரித்துத் தொடங்குங்கள். இந்தக் கருவி சுருதியை விட ஒலியின் நீளத்தையும் தாளத்தையும் நன்றாகக் கொடுக்கும். 'பூ', 'பூனை', 'பூசணிக்காய்' மூன்றையும் படத்தோடு வைத்துக் கேட்கப் பழக்கலாம். 'பால்', 'வால்' போன்ற சோடிகள் பிறகு, வெகு பிறகு. கணக்கு மாதத்தில் இல்லை, ஆண்டுகளில்.

மப்பிங்குக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். சென்னையில் மெட்ராஸ் ஈ.என்.ரி. ரிசேர்ச் பவுண்டேசனில் இந்தச் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். பலாலியில் விமானம் ஏறினால் கிட்டத்தான், ஆனால் சத்திரசிகிச்சைச் செலவைக் கணக்குப் போடுபவர்கள் அடுத்தடுத்த பயணங்களை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: கருவி வைத்தால் சைகையை நிறுத்த வேண்டுமா? சொந்தக்காரர் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.
வாசகி, கைதடி

பதில்: நிறுத்த வேண்டாம். கொக்கிளியரை விட இதன் பலன் ஆளுக்காள் பெரிதும் மாறும். கதை வரும்வரை பிள்ளையை மொழியில்லாமல் வைத்திருப்பது மூளை வளர்ச்சிக்கே கேடு. உங்கள் ஊரிலேயே காது கேளாத பிள்ளைகளுக்கான நுஃபீல்ட் பள்ளி இருக்கிறது. சொந்தக்காரரை ஒருநாள் அங்கே கூட்டிப்போங்கள்.

கேள்வி: கடற்கரை வீடு. பற்றரி சீக்கிரம் போகிறது, சத்தமும் கரகரக்கிறது என்கிறாள் மகள்.
வாசகர், காரைநகர்

பதில்: உப்புக்காற்றும் வியர்வையும்தான். இரவில் பற்றரியைக் கழற்றி, புரொசெசரையும் சுருளையும் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். பற்றரியை அதற்குள் போட வேண்டாம், காய்ந்துபோகும். ஜெல் மணி நிறம் மாறினால் மாற்ற வேண்டும். 675 இலக்க சிங்க் பற்றரி காற்றால் வேலை செய்வது. ஸ்ரிக்கரை உரித்து இரண்டு மூன்று நிமிடம் விட்டுப் போடுங்கள். உரித்ததைத் திரும்ப ஒட்டிப் பயனில்லை. கரகரப்பு அப்படியும் இருந்தால் முதலில் மைக் மூடியை மாற்றுங்கள், பிறகு சுருள் வயரை. பழைய பற்றரியைச் சின்னப் பிள்ளையின் கைக்கு எட்ட வைக்காதீர்கள். விழுங்கினால் வாந்தி எடுக்க வைக்காமல் நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: இதை வைத்த பின் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?
வாசகர், மானிப்பாய்

பதில்: தோலுக்கு அடியில் காந்தம் இருக்கிறது. கருவியின் வகையைச் சொல்லாமல் ஸ்கான் அறைக்குள் போகவே கூடாது. கருவி அட்டையை எப்போதும் கையில் வைத்திருங்கள். என்.எஃப்.2 நோயாளிகளுக்கு ஸ்கான் அடிக்கடி தேவைப்படும். அதனால் சிலருக்குக் காந்தத்தை முதலிலேயே எடுத்துவிடுவார்கள். அப்படியானவர்கள் அந்த இடத்து மயிரை வழித்து, ஒட்டும் வட்டத் தகடு ஒன்றை வைத்து அதில் சுருளைப் பிடிக்க வைக்க வேண்டும். நமது வெயிலில் அது வியர்த்துக் கழரும். கைப்பையில் மாற்றுத் தகடு இரண்டு இருக்கட்டும்.