ஞாயிறு அரை நாள் போனை அணைத்துவிட்டு, குற்ற உணர்ச்சி இல்லாமல் இருப்பது எப்படி?

கேள்வியின் சாரம் இது: சென்னையில் ஐடி வேலை, திங்கள் முதல் சனி வரை ஓட்டம். ஞாயிறு போனை ஓரமாக வைத்தால் பத்தே நிமிடத்தில் "யாராவது தேடுவார்களோ" என்று உறுத்துகிறது. சும்மா உட்கார்ந்தால் சோம்பேறி ஆகிவிட்டதாகத் தோன்றுகிறது. என்ன செய்வது?

"விடுங்க, ஓய்வும் முக்கியம்தானே" என்று இதற்குள் பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஞாயிறு காலை பத்தரை மணிக்கு உதவாது. அந்த உறுத்தலைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று கணக்குகள் தீராமல் கிடக்கும்: பாதியில் நிற்கும் வேலை, பதிலுக்குக் காத்திருக்கும் ஆள், நாம் உட்கார்ந்திருக்கும்போது வீட்டில் நமக்கும் சேர்த்து வேலை பார்ப்பவர். மூன்றையும் சனிக்கிழமை மாலையே தீர்க்க வேண்டும். ஞாயிறு காலை மனதோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

எவ்வளவு நேரம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரு வாரம் போனைத் தொடாமல் இருப்பது, மலைமேல் ரிசார்ட் எடுப்பது எல்லாம் வேண்டாம். ஒரு வாரம் காணாமல் போனால் குவிந்து கிடக்கும் மெசேஜை நினைத்தே கடைசி இரண்டு நாள் வீணாகும். வாரத்தில் ஒரு அரை நாள் போதும். ஞாயிறு காலை 6 முதல் மதியம் 2 வரை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வாரமும் அதே நேரம் என்றால் மற்றவர்களும் பழகிக்கொள்வார்கள்.

இனி பாதி வேலை. இடையில் நிறுத்தப்பட்ட வேலைதான் முடிந்த வேலையைவிட நினைவில் அதிகம் நிற்கிறது என்று ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-இல் எழுதினார். பிற்காலச் சோதனைகளில் அது எப்போதும் அதே மாதிரி வரவில்லை. நமக்கு அதிகம் பயன்படுவது மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு: வேலையை முடிக்கவே தேவையில்லை, எப்போது எப்படிச் செய்யப்போகிறோம் என்று திட்டவட்டமாக எழுதிவிட்டாலே அது மனதுக்குள் குறுக்கே வருவது குறைகிறது. இதில் "திட்டவட்டமாக" என்பதுதான் முக்கியம்.

சனி மாலை 20 நிமிடம் ஒதுக்குங்கள். காகிதத்தில் எழுதுங்கள், போனில் எழுதப் போனால் எழுதும் முன்பே வாட்ஸ்அப்பில் இருப்பீர்கள். ஒரு வேலைக்கு ஒரு வரி. அந்த வரியில் முதல் அசைவும் நேரமும் இருக்க வேண்டும். "ரிப்போர்ட் முடிக்கணும்" என்பது வரி அல்ல, புலம்பல். "திங்கள் 9:30, மூன்றாவது ஷீட்டில் மார்ச் மாத எண்களைச் சரிபார்க்க" என்பது வரி. "கிளையன்ட் விஷயம்" என்று எழுதினால் ராத்திரி தூக்கத்தில் வந்து கதவைத் தட்டும்; "திங்கள் 11 மணி, டெஸ்ட் டேட்டா கேட்டு மெயில்" என்று எழுதினால் தட்டாது. வழக்கமாக ஏழெட்டு வரியில் முடியும். பதினைந்தைத் தாண்டினால் உங்கள் பிரச்சினை ஓய்வு சம்பந்தப்பட்டதே இல்லை, தலையில் இரண்டு ஆள் வேலை இருக்கிறது. அந்தக் காகிதத்தோடு திங்கள் மேனேஜரிடம் போய் எது முதலில், எது வேண்டாம் என்று கேளுங்கள். மற்றபடி காகிதத்தை மடித்து லேப்டாப் பையில் போட்டு, பையைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.

காத்திருக்கும் ஆளுக்கு வருவோம். ஞாயிறு மெசேஜ் அனுப்பும் மேலதிகாரிகளில் பலர் மறந்துவிடக்கூடாது என்று தங்கள் தலையிலிருந்து இறக்கி வைக்கிறார்கள், அவ்வளவுதான். அது தெரியாமல் நாம் துடித்துப் பதில் போடுகிறோம். ஒரே ஒரு தடவை நேரில் கேட்டுவிடுங்கள்: "ஞாயிறு நீங்க அனுப்புறதுக்கு அன்னைக்கே பதில் வேணுமா, திங்கள் காலைல போதுமா?" பெரும்பாலும் "திங்கள் போதும்பா" என்றுதான் வரும். அன்றைக்கே வேண்டும் என்றால் அது வேலை நாள். அதற்கு ஈடாக வேறு நாள் விடுப்பு கேட்பதில் தவறில்லை.

பிறகு டீமுக்கு ஒரு மெசேஜ்: "ஞாயிறு காலை 6 முதல் 2 வரை டேட்டா ஆஃப்ல இருக்கும். சர்வர் விழுந்தால் சாதாரண கால் பண்ணுங்க, எடுப்பேன். மற்றதை திங்கள் 9:30-க்குப் பார்க்கிறேன்." இதில் மூன்று விஷயம் இருக்கிறது: எத்தனை மணி, எது அவசரம், அவசரத்துக்கு எந்த வழி. "தப்பா நினைக்காதீங்க", "முடிஞ்சா" போன்றவற்றைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அனுமதி கேட்பது போல ஆகிவிடும், அனுமதியை யாரும் எப்போதும் திரும்பப் பெறலாம். "நெட்வொர்க் கிடைக்காத இடத்துக்குப் போறேன்" என்ற பொய்யும் வேண்டாம். அடுத்த வாரம் வேறொரு ஊர் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். ஆன்-கால் முறை, அதாவது அவசரம் வந்தால் உடனே கவனிக்கும் பொறுப்பு, உங்களுடையது என்றால் அந்த வாரம் இதைச் செய்யாதீர்கள், யாரிடமாவது மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது வரும் குற்ற உணர்ச்சி நியாயமானது.

சட்டம் துணைக்கு வருமா என்று சிலர் கேட்பார்கள். வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பிரான்சில் 2017 ஜனவரி முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதலும் இருக்கிறது. இந்தியாவில் நாடாளுமன்ற உறுப்பினர் சுப்ரியா சுலே 2018-இல் மக்களவையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. ஆகவே வாய்ப்பேச்சு ஒப்பந்தம்தான் கதி.

போனில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள். சாதாரண கால் வரும், எஸ்எம்எஸ் வரும், வங்கி ஓடிபியும் எஸ்எம்எஸ்ஸில் வரும். போன் பழைய பட்டன் போன் ஆகிவிடுகிறது. வாட்ஸ்அப் குரூப்பை மியூட் செய்தால் போதாதா என்றால், போதாது: மியூட் செய்த குரூப்பிலும் யாராவது உங்கள் பெயரை டேக் செய்தாலோ உங்கள் மெசேஜுக்குப் பதில் போட்டாலோ சத்தம் வரும்.

டேட்டாவை அணைக்க முடியாதவர்கள் டூ நாட் டிஸ்டர்ப் போட்டு, அப்பா அம்மா, பிள்ளையின் டியூஷன், டீம் லீட் எண்களை மட்டும் ஸ்டார் செய்து அனுமதியுங்கள். ஒரே ஆள் திரும்ப அழைத்தால் மணி அடிக்கும் வசதியையும் போட்டு வையுங்கள். ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள் இரண்டாவது கால் வந்தால் ஒலிக்கும். "அவசரம்னா ரெண்டு தடவை அடிங்க" என்று வீட்டாருக்குச் சொல்லி வைத்தால் பாதிப் பயம் போய்விடும்.

இந்த ஏற்பாடு உடைவது பெரும்பாலும் காலை ஏழு மணிக்கு, பால் கடையில். சில்லறை இல்லை, யுபிஐ ஸ்கேன் செய்ய டேட்டாவை ஆன் செய்கிறீர்கள், தொண்ணூறு மெசேஜ் ஒரே மூச்சில் கொட்டுகிறது, முடிந்தது. சனிக்கிழமையே 500 ரூபாயைப் பத்தும் இருபதும் ஐம்பதுமாக மாற்றிச் சட்டைப் பையில் வையுங்கள். அடுத்த ஓட்டை அலாரம்: போனில் அலாரம் வைப்பவர் கண் திறந்ததும் கையில் போனோடுதான் எழுவார். ஒரு சாதாரண மேசைக் கடிகாரம் வாங்குங்கள். அபார்ட்மென்டில் கேட் செயலி இருந்தால் இன்டர்காமில் கூப்பிடச் சொல்லி செக்யூரிட்டியிடம் சொல்லுங்கள், அன்று டெலிவரி எதுவும் போடாதீர்கள். ஊரில் இருக்கும் அம்மா வாட்ஸ்அப்பில் லாஸ்ட் சீன் பார்த்துத்தான் பிள்ளை எழுந்துவிட்டானா என்று தெரிந்துகொள்வார். அவருக்குச் சனி இரவே ஒரு கால்.

மூன்றாவது கணக்கைத்தான் யாரும் பேசுவதில்லை. கணவர் போனை அணைத்துவிட்டு பால்கனியில் கால் நீட்டியிருக்க, மனைவி உள்ளே பூரி பொரித்துக்கொண்டிருந்தால் அங்கே வரும் உறுத்தல் நோய் இல்லை, நேர்மை. அதை மனப்பயிற்சியால் போக்காதீர்கள், வேலையைப் பிரித்துப் போக்குங்கள். ஒருவருக்கு ஞாயிறு காலை என்றால் மற்றவருக்கு அன்றே மதியம் 3 முதல் இரவு 8 வரை. அந்த நேரத்து வீட்டுப் பொறுப்பு முழுவதும் கைமாற வேண்டும்; "ஹெல்ப் பண்றேன்" என்று பாதி மாற்றினால் நினைவு வைக்கும் வேலை பழைய ஆளிடமே நிற்கும். அரிசி எத்தனை ஆழாக்கு, தண்ணீர் எவ்வளவு, எத்தனை விசில், பாப்பாவின் மருந்து எத்தனை மில்லி, தண்ணீர் கேன் எண் எல்லாவற்றையும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் அரை மணிக்கு ஒரு தடவை "ஏங்க, பெருங்காயம் எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சமையலைச் சுருக்குங்கள். நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, சனி பகல் 1 மணிக்கு ஊறப்போட்டு 5 மணிக்கு அரைத்தால் சென்னைச் சூட்டில் காலைக்குள் பொங்கிவிடும். மதியம் ஒற்றைப் பாத்திரச் சமையல். ஞாயிறு கறிக்குழம்பு இல்லாமல் வீடு நடக்காது என்றால் கறி வாங்கப் போகும் ஆளும் வெங்காயம் உரிக்கும் ஆளும் வேறாக இருக்கட்டும்.

பெண்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும்: உங்கள் முறை வரும்போது வீட்டிலேயே இருக்காதீர்கள். கண்ணில் பட்டால் கேட்பார்கள். பூங்கா, நூலகம் (ஞாயிறு திறந்திருக்கிறதா என்று முன்பே பாருங்கள்), கோயில் மண்டபம், அக்கா வீடு, எதுவானாலும் கதவுக்கு வெளியே. திரும்பி வந்து, துடைத்த அடுப்பை மறுபடி துடைக்காதீர்கள். துடைத்தால் அடுத்த வாரம் யாரும் துடைக்க மாட்டார்கள்.

சரி, அந்த எட்டு மணி நேரத்தில் என்ன செய்வது? முதல் நாளே கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்தால் தோற்றுப்போவீர்கள். உளவியலாளர் திமோத்தி வில்சன் குழு 2014-இல் நடத்திய சோதனைகளில், வெறும் அறையில் 6 முதல் 15 நிமிடம் எண்ணங்களோடு மட்டும் இருப்பதே பலருக்குப் பிடிக்கவில்லை. அதில் ஒரு சோதனையில் 18 ஆண்களில் 12 பேர் சும்மா இருப்பதற்குப் பதில் தங்களுக்குத் தாங்களே மின் அதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள். அதனால் முதல் ஒரு மணி நேரத்துக்குக் கைக்கு வேலை கொடுங்கள். முருங்கைக்கீரை ஆய்வது இதற்கு அருமை, ஒரு கட்டுக்கு அரை மணி நேரம் ஓடும். செடிக்கு மண் கிளறலாம், சைக்கிள் துடைக்கலாம், இயர்போன் இல்லாமல் நடக்கலாம். கை அடிக்கடி பாக்கெட்டைத் தேடும். போனை வேறு அறையில் சத்தமாக வைத்துவிட்டால் கால் வந்தால் கேட்கும், கைக்கும் எட்டாது.

படுத்தே கிடக்க வேண்டும் என்பதும் இல்லை. ஸொன்னென்டாக், ஃப்ரிட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 2007-இல் களைப்பாறும் அனுபவத்தை நாலாகப் பிரித்தார்கள்: வேலை நினைப்பிலிருந்து விலகல், தளர்வு, புதிதாக ஒன்றைக் கற்பது, நம் நேரம் நம் கையில் இருப்பது. ஆகவே மிருதங்கம் கற்பதும் ஓய்வுதான். ஓய்வை ப்ராஜெக்ட் ஆக்கும்போதுதான் கெடுகிறது: பரண் முழுவதையும் காலி செய்வது, வாட்ச்சில் பத்தாயிரம் அடி எண்ணுவது, மாதம் நாலு புத்தகம் என்று இலக்கு வைப்பது. மதியம் 2 மணிக்கு "இன்னைக்கு என்ன சாதிச்சேன்" என்று கணக்குப் பார்க்கத் தோன்றினால் அந்த வாரம் வேலை நாளாகவே போனது என்று அர்த்தம்.

முதல் சில வாரம் உறுத்தல் கூடவே வரும். அது போன பிறகு ஓய்வெடுக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பே இல்லை, தூக்கம் கெட்டுவிட்டது, பசி இல்லை என்றால் இந்தப் பதில் உங்களுக்குப் போதாது, மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண் (டெலி மானஸ்) 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

மதியம் 2 மணிக்கு டேட்டாவை ஆன் செய்ததும் ஐந்து நிமிடம் போனைத் தொடாமல் எல்லாம் இறங்கட்டும். வீட்டார், நண்பர்கள் முதலில், குரூப்கள் கடைசியில். அலுவலக மெசேஜைப் படித்தால் சனிக்கிழமைக் காகிதத்தில் ஒரு வரி சேருங்கள், பதில் போடாதீர்கள். 2:05-க்குப் பதில் போனால் உங்கள் ஞாயிறு ஷிஃப்ட் 2 மணிக்குத் தொடங்குகிறது என்றுதான் டீம் புரிந்துகொள்ளும். எழுதாமல் இருக்கவே முடியவில்லை என்றால் எழுதி, திங்கள் 9:30-க்குப் போகும்படி ஷெட்யூல் செய்யுங்கள். ஜிமெயில், அவுட்லுக், ஸ்லாக் மூன்றிலும் அந்த வசதி இருக்கிறது.